நூலாக விழும் எண்ணெய்

அந்த வீட்டில் விளக்கெண்ணெய் என்றால் இரண்டு. ஒன்று, முன்னறைக் கண்ணாடிக்குக் கீழே கறுத்த குப்பியில் இருந்தது. இன்னொன்று, வீட்டுக்காரர்.

அவர் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். எதைச் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அசைவார். அடுப்பைப் பார்க்கச் சொன்னால், அவர் எழுந்து வருவதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்திருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மனைவி பொறுக்க முடியாமல், "இந்த விளக்கெண்ணெயை வச்சிக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "இதோ வந்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து அது அவருக்குச் செல்லப்பெயராகவே நிலைத்துவிட்டது. சமையலறையிலிருந்து "விளக்கெண்ணெய்!" என்று குரல் வரும். சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறவர் கண்ணைத் திறக்காமலே "இதோ வந்துட்டேன்" என்பார். வெளியாட்களுக்கு அது ஏச்சாகத்தான் கேட்கும்.

மனைவியைத் தெருவில் புருவக்காரி என்பார்கள். முன்னறையைத் திரைபோட்டுத் தடுத்து, ஒரு சாய்வு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டுப் பெண்களுக்குப் புருவம் திருத்துவாள், முடி வெட்டுவாள், சாயம் பூசுவாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை விரல்களில் முறுக்கிக்கொண்டு அவள் நெற்றிமேல் குனிந்தால் வண்டு பறப்பதுபோல ஒரு மெல்லிய ஓசை கேட்கும். வந்தவள் "வலிக்குதே" என்று முனகுவதற்குள் ஒரு பக்கம் முடிந்திருக்கும். பிறகு சிவந்த இடத்தில் சுண்டுவிரலால் ஒரு துளி விளக்கெண்ணெய் தொட்டு வைப்பாள்.

அந்த எண்ணெயை அவள் சாமி காரியம்போலப் பார்த்துக்கொண்டாள். செக்குக் கடையில் வாங்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடு காட்டி, ஆறியபிறகே குப்பியில் ஊற்றுவாள். வெடித்த உதட்டுக்கு அது. சொரசொரத்த முழங்கைக்கு அது. முனை பிளந்த முடிக்குத் தேங்காயெண்ணெயோடு கலந்து அது. கழுவிக் காயவைத்த மை தூரிகையால் இமை மயிருக்கும் அதுதான். "இதைப் போட்டா இமை அடர்த்தியா வளருமாமே?" என்று கேட்பவர்களிடம் அவள் பொய் சொன்னதில்லை. "வளர்றது கடவுள் கையில. இருக்கிறது காஞ்சு உதிராம பார்த்துக்கிறது மட்டும்தான் எண்ணெயோட வேலை" என்பாள்.

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்வாள். வால் சீப்பின் நுனியைக் குப்பியில் முக்கி உயரே தூக்குவாள். எண்ணெய் அறுந்து விழாமல், சோம்பலாக, ஒரே நூலாக இறங்க வேண்டும். "விளக்கெண்ணெய்னா நூல் விழணும். சொட்டு விழுந்தா அது வேற என்னமோ." இதை அவள் வேலை பழக வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு நாள் மட்டும் அவளே செய்யவில்லை.

அன்று நல்ல புழுக்கம். மின்விசிறி நின்றுபோயிருந்தது. நாற்காலியில் ஒரு பெண் தலை நிறையச் சாயத்தோடு, "இன்னும் எவ்வளவு நேரம்? உச்சி அரிக்குது" என்று பரபரத்துக்கொண்டிருந்தாள். புருவக்காரிக்கு ஜலதோஷம், மூக்கு முழுதாக அடைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு தலையில் துணி கட்டிய ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"புருவம் எடுக்கிற இடம் இதானே?"

"ஆமாக்கா, உட்காருங்க. புருவமா?"

வந்தவள் சிரித்தாள். "நீ எடுக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு, பாரு." துணியை மேலே தள்ளினாள். புருவம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிழல்தான் இருந்தது. இமைகளில் ஒரு மயிர் இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக, வாசல் கதவு இல்லாத வீட்டைப்போலத் திறந்துகிடந்தன.

அவள் பஸ் கண்டக்டர். வாயாலேயே விசில் அடித்து வண்டியை நிறுத்துவாள் என்பதால் விசில் அக்கா என்று பெயர். பெரிய நோய் வந்து, பெரிய மருந்துகள் ஏறி, மருந்து மயிரையெல்லாம் கொண்டுபோய்விட்டது. நோயும் போய்விட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இனி வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"தலைக்குத் துணி கட்டிக்கலாம். புருவத்தை மையால வரைஞ்சிக்கலாம். இமைக்கு என்ன பண்றது, சொல்லு? படிக்கட்டுல நின்னா ரோட்டுத் தூசியெல்லாம் நேரா கண்ணுக்குள்ளதான் வருது. டிப்போல கண் டெஸ்ட் வேற வச்சிருக்காங்க, நாளை மறுநாள். கண்ணு ரெண்டும் காஞ்சுபோய்க் கிடக்கு. விளக்கெண்ணெய் தடவினா நல்லதுன்னு ஒருத்தி சொன்னா."

"வறட்சிக்கு நல்லதுக்கா. ஆனா வளர்க்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"வளர்க்காட்டிப் போகுது. ராத்திரி படுக்கும்போது எனக்காக ஏதோ ஒண்ணு பண்ணிக்கிட்டோம்னு இருக்கும்ல? அது போதும் எனக்கு."

அந்தப் பேச்சு புருவக்காரியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. குப்பியை எடுத்தாள். முந்தின நாள் தீர்ந்துபோயிருந்த குப்பி கழுத்துவரை நிறைந்திருந்தது; வீட்டுக்காரர் வாங்கி ஊற்றி வைத்திருந்தார். ஒரு சின்னச் சீசாவில் அதை நிரப்பி, புதுத் தூரிகை ஒன்றைத் துணியில் சுற்றி, இரண்டையும் அவள் கையில் திணித்தாள். "ராத்திரி படுக்கும்போது இமை ஓரத்துல மட்டும் லேசா தடவுங்க. காலையிலயும் ஒரு தடவை. காசெல்லாம் வேண்டாம்க்கா. வேலைக்குப் போனதும் எனக்கு ஜன்னலோரச் சீட்டு பிடிச்சுக் குடுங்க, போதும்."

"ஏம்மா, உச்சி வெந்துடும்போல இருக்கு!" என்று சாயக்காரி கத்தினாள். வால் சீப்பு மேசைமேலேயே கிடந்தது.

மறுநாள் பிற்பகல். வானம் கறுத்து, மழை இப்போது வருவேன் அப்போது வருவேன் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தது. அதனாலேயே பெயிண்டர் வெளிச்சுவர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, தட்டில் சோறும் அவித்த முட்டையுமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்காவும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவள் ஒரு தொழிலாளர் விடுதியில் சமையல்காரி. நாளெல்லாம் ஈரத் தரையில் நின்று பாதம் வெடித்துப்போயிருக்கும். வந்ததும் காலைக் கழுவி, குதிகாலில் விளக்கெண்ணெய் தேய்த்தால்தான் அவளுக்கு உயிர் வரும்.

குப்பியை உள்ளங்கையில் சாய்த்தாள். எண்ணெய் விரலிடுக்கில் ஒழுகி மடியில் சொட்டியது.

"ஏம்மா, இங்க வா. என்ன எண்ணெய் இது? தண்ணியாட்டம் ஓடுது. மல்லிகைப்பூ வாசம் வேற அடிக்குது!"

"விளக்கெண்ணெய்க்கு ஏது அண்ணி மல்லிகை வாசம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் புருவக்காரி. ஜலதோஷம் அன்று கொஞ்சம் விட்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மேசைக்கு ஓடி வால் சீப்பை எடுத்து, குப்பியில் முக்கித் தூக்கினாள்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

"என்னங்க... இதை எங்க வாங்கினீங்க?"

பெயிண்டர் சோற்றைப் பிசைவதை நிறுத்தி யோசித்தார். "செக்குக் கடை பூட்டியிருந்துச்சு. வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய கடை இருக்குல்ல, அங்க கேட்டேன். விளக்கெண்ணெய் குடும்மான்னேன். அந்தப் பொண்ணு, விளக்கு எண்ணெய்தானேன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கவர்ல குடுத்துச்சு."

"கவர்ல என்ன போட்டிருந்துச்சு?"

"விளக்குப் படம் போட்டிருந்துச்சு."

"கவர் எங்க?"

"நீ வேலையா இருந்தே. சரி, நாமே ஊத்தி வைப்போம்னு ஊத்திட்டு, கவரைக் குப்பையில போட்டேன். குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிருக்கும்." தான் செய்த உதவியைச் சொல்கிற முகம் அவருக்கு. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஏன், விளக்கெண்ணெய்தானே கேட்டே?"

நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொல்லிவிட்டாள் கடைப்பெண். அந்த இடைவெளிக்குள் வேறொரு எண்ணெய் இருந்தது. சாமிமுன் ஏற்றுகிற விளக்குக்கென்று, கழிவு எண்ணெய்களையெல்லாம் சேர்த்து, நிறம் போட்டு, வாசனை போட்டு விற்கிற எண்ணெய். திரி எரிவதற்கு அது போதும். உடம்பில் படுவதற்கு அல்ல.

"அந்த அக்காவுக்குக் குடுத்துட்டேனே!" என்று புருவக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்ணுல போட்டுக்கச் சொல்லிக் குடுத்துட்டேனே! இமைகூட இல்லையே அந்தக் கண்ணுக்கு, நேரா உள்ளதானே இறங்கியிருக்கும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவளையே அவள் பார்த்தாள். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

"ஒண்ணும் ஆயிருக்காது. இரு, பதறாதே" என்றாள் அண்ணி. குரல் உறுதியாக இல்லை. "எரிஞ்சிருந்தா தூக்கிப் போட்டிருப்பா. சின்னக் குழந்தையா என்ன?"

"எரியுமா, எரியாதான்னே தெரியலையே அண்ணி. நான் போட்டுப் பார்க்கிறேன்." குப்பியை நோக்கிக் கை நீட்டினாள்.

எதற்கும் அவசரப்படாத அந்த மனுஷர் அன்று மட்டும் முந்திக்கொண்டார். சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்து, இடது சுண்டுவிரலைக் குப்பியில் நனைத்து, தன் கண்ணின் கீழிமையை இழுத்து உள்ளேயே தடவிவிட்டார்.

"டேய்! உனக்குப் பைத்தியமாடா?" என்று அண்ணி அலறினாள்.

 கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சுருக்கினார். பிறகு தோளில் கிடந்த துண்டால் பொத்திக்கொண்டார். துண்டை எடுத்தபோது அந்தக் கண் வெள்ளையெல்லாம் சிவந்து நீராகக் கொட்டியது.

"எரியுது" என்றார். "மிளகாய் மாதிரி இல்ல. மண்ணு விழுந்த மாதிரி அறுக்குது. பார்வை மூட்டமா இருக்கு."

 வெளியே இடி உருண்டது.

"நான் போறேன்" என்று எழுந்தாள் புருவக்காரி.

"எங்க போறே? வீடு தெரியுமா?"

"டிப்போவுக்குப் பின்னாடி குடியிருக்கேன்னு பேச்சுவாக்குல சொன்னாங்க. விசாரிச்சுக்கிறேன்."

அண்ணி வாசலை மறித்து நின்றாள். கெட்டவள் அல்ல அவள், பயந்தவள். "கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நீயா போய், என் எண்ணெயாலதான் உன் கண்ணு போச்சுன்னு சொல்லப் போறியா? நாளைக்கே தெருவெல்லாம் பேசும். இனி எவ வந்து உன் நாற்காலியில கண்ணை மூடிப் படுப்பா? அந்தம்மாவுக்கு எண்ணெயாலதான்னு தெரியவே தெரியாம இருக்கலாம். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா இது இப்படியே போயிடும்."

"இன்னிக்கு ராத்திரியும் தடவுவாங்களே அண்ணி."

அண்ணி வாசலை விட்டு விலகினாள்.  பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் வெந்நீர் பாட்டிலும், துவைத்து மடித்த வெள்ளைத் துணியும் இருந்தன. "கொதிச்சு ஆறின தண்ணி. கண்ணைக் கழுவ வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணியில கழுவிடாதே. மழைக்கு முன்னாடி கிளம்புங்க."

பெயிண்டரின் பழைய ஸ்கூட்டர், எல்லா நிறமும் சிந்திய ஸ்கூட்டர், இரண்டு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். அவள் பின்னால் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, "கடவுளே, அந்தக் கண்ணைக் காப்பாத்து. தப்பு என்னோடது. நூல் விழுதான்னு பார்க்காதது நான்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எதிர்க்காற்று அந்த வார்த்தைகளை எடுத்துக்கொண்டு போனது. வழியில் போன ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்தாள். எல்லாப் படிக்கட்டிலும் யாரோ நின்றார்கள். விசில் அக்கா இல்லை.

"என்னங்க."

"ம்."

"கண்ணு போயிருந்தா என்ன பண்றது?"

அவர் வழக்கம்போல யோசித்தார். வண்டி ஒரு வளைவைத் தாண்டியது. "அப்பவும் போய்த்தான் ஆகணும்" என்றார்.

டிப்போ வாசலில் டைம் கீப்பர் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "விசில் அக்காவா? நீங்க யாரு, சொந்தமா?"

"இல்லைங்க. ஒரு மருந்து மாத்திக் குடுத்துட்டேன். அதைச் சொல்லணும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நாளைக்கு அதுக்கு டெஸ்ட். நாங்களெல்லாம் அது திரும்பி வரும்னு காத்துக்கிட்டு இருக்கோம்மா. பின்பக்கச் சந்து, கடைசி வீடு, பச்சைக் கதவு. சீக்கிரம் போங்க."

பச்சைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் உள்ளிருந்து போர்வை தொங்கவிட்டு வெளிச்சம் புகாமல் மறைத்திருந்தது. அடுத்த வீட்டுப் பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டே, "காலையிலேர்ந்து திறக்கவே இல்ல. டீ கொண்டுபோய்த் தட்டினேன். தலைவலி, வேணாம்னாங்க. அவங்க குரலே சரியில்ல" என்றாள்.

புருவக்காரி கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"அக்கா, நான்தான். புருவம் எடுக்கிறவ."

"இன்னொரு நாள் வாம்மா. எனக்கு உடம்பு சரியில்ல."

"கண்ணாக்கா?"

 தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு கையகலம் திறந்தது. தலையில் துணி இல்லை. இமைகள் இரண்டும் வீங்கி, கண் இருக்கிற இடத்தில் சிவந்த கோடுகள் மட்டும் தெரிந்தன. அவற்றிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள் விசில் அக்கா. வந்தவள் பதில் சொல்லுவதற்குள், ஒரு நாள் முழுவதும் அடக்கிவைத்தது உடைந்துவிட்டது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். "ராத்திரியே எரிய ஆரம்பிச்சுது. காலையில எழுந்தா ஒண்ணும் தெளிவா தெரியல. எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. அது திரும்ப வந்துடுச்சு. இந்தத் தடவை கண்ணுக்கு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா வாயால சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அப்புறம் நிஜம்தானே? அதான் போகல. இருட்டுல உட்கார்ந்து, இன்னும் எத்தனை நாளைக்குன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். மறுபடியும் அந்த ஊசியெல்லாம் என்னால முடியாது. தெம்பு இல்ல எனக்கு."

 கண் போயிருக்குமோ என்றுதான் புருவக்காரி வழியெல்லாம் பயந்தாள். இப்படி ஒரு பயம், ஒரு மனுஷி தன் சாவை நினைத்து இருட்டில் உட்கார்ந்திருக்கிற பயம், தன் சீசாவுக்குள்ளிருந்து கிளம்பியிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அக்கா, அது இல்லக்கா!" என்று அவள் கையைப் பற்றினாள். "நோய் இல்லக்கா. என் எண்ணெய். நான் குடுத்தது விளக்கெண்ணெயே இல்ல. விளக்குக்கு ஊத்துற எண்ணெய். வாசனை போட்டது. மாறிப்போச்சு. நான் பார்க்காம குடுத்துட்டேன். என்னை அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா இது அது இல்ல."

விசில் அக்கா மெல்லத் தலையாட்டினாள். "நல்ல பொண்ணு நீ. என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றே. ஆஸ்பத்திரி நர்ஸுங்களும் இப்படித்தான் பேசுவாங்க."

"சத்தியமாக்கா!"

"எண்ணெய் தடவினா கண்ணு இப்படியா ஆகும்?"

அதுவரை சந்தில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெயிண்டர் வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். அவளுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால் முகத்தை வெகு அருகில் கொண்டுபோனார். "இங்க பாருங்கம்மா. என் கண்ணைப் பாருங்க. அதே எண்ணெய்தான். சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது போட்டேன். பாதித் தட்டு அங்கேயே இருக்கு. எனக்கு ஒரு நோயும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன்."

விசில் அக்கா விரல்களால் தன் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சிவந்து, வீங்கி, நீர் ஒழுகுகிற ஒரு கண் அவளைப் பார்த்தது. மற்றக் கண் பயந்துபோயிருந்தது.

"மண்ணு விழுந்த மாதிரி அறுக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அறுக்குது."

"ஓரமெல்லாம் மூட்டமா?"

"மூட்டமா."

அவள் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். முதலில் ஒரு விக்கல் வந்தது. அழுகை என்று புருவக்காரி நினைத்தாள். சிரிப்பு. அழுகையும்தான். "எண்ணெயா!" என்றாள் விசில் அக்கா. "வெறும் எண்ணெயாடி? அடிப்பாவி, என் உயிரே போச்சே! காலையிலேர்ந்து நான் செத்துக்கிட்டு இருக்கேன். வெறும் எண்ணெயா!" அவள் புருவக்காரியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அந்த ஈரமான கன்னம் எதைச் சொல்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தான் வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள். 

அண்ணி கொடுத்த தண்ணீரால் அங்கேயே கண்ணைக் கழுவினார்கள். விசில் அக்காவின் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண் துணியை ஒற்ற, புருவக்காரி மெல்லிய தாரையாக ஊற்றினாள். "கைக்கு மட்டும் நடுக்கமே இல்லையே உனக்கு" என்றாள் விசில் அக்கா. "தொழில்க்கா" என்றாள் அவள். மழையின் முதல் துளிகள் விழ ஆரம்பித்தபோது டிப்போவிலிருந்து ஒரு வண்டி வந்து சந்து முனையில் நின்றது. டைம் கீப்பர் யாரிடமும் எதுவும் கேட்காமல் அனுப்பியிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. டாக்டரம்மா விசில் அக்காவின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, விளக்கை அப்படியும் இப்படியும் நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். புருவக்காரி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருவிழியில காயம் இல்ல" என்றாள் டாக்டரம்மா கடைசியில். "வாசனை, நிறம், இதெல்லாம் ஒத்துக்கல. மேல்தோல் வீங்கியிருக்கு. சொட்டு மருந்து தரேன், இறங்கிடும். பழைய நோய்க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. டிப்போ டெஸ்ட்டை ஒரு வாரம் தள்ளிவைக்க நான் எழுதித் தரேன். பார்வை நல்லாவே இருக்கு, அதுல பாஸாயிடுவீங்க. இமைக்கு ஒண்ணும் தடவ வேண்டாம். தானா வந்துக்கிட்டு இருக்கு. இதோ, ஓரத்துல முள்ளு முள்ளா நிக்குது, பாருங்க."

"வருதா?" என்றாள் விசில் அக்கா. விரலைக் கொண்டுபோய் இமை விளிம்பை, உறங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

பிறகு டாக்டரம்மா பெயிண்டரைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி ஆச்சு?"

"நானா போட்டுக்கிட்டேங்க."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்து, மூவர் முகத்தையும் பார்த்து, சொல்லாமல் அவருக்கும் ஒரு சொட்டு மருந்து எழுதினாள்.

மருந்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். கூரைமேல் மழை கொட்டியது. விசில் அக்கா இரண்டு கண்ணையும் மூடி, புருவக்காரியின் தோளில் சாய்ந்திருந்தாள். கடை மாறியதையும் கவரில் இருந்த விளக்குப் படத்தையும் புருவக்காரி அவளிடம் சொல்லியிருந்தாள்; வாங்கியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. பெயிண்டர் பெஞ்சின் மறுகோடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிற்பகலிலிருந்து மனைவி அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியிருந்தது. அந்தப் பெயர் அவள் வாயில் இனி வராதோ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவளுக்கும் அப்படித்தான், நாளெல்லாம் அந்தச் சொல் நாக்கில் ஒரு முள்ளாக நின்றது.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள் விசில் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"கேளுங்கக்கா."

"கடைக்குப் போய், கவர்ல இருக்கிற படத்தைப் பார்த்தும் அதை வாங்கிட்டு வந்தானே ஒருத்தன். யாரு அந்த விளக்கெண்ணெய்?"

புருவக்காரி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தக் கை எடுத்தாள். அதற்குள் பெஞ்சின் மறுகோடியிலிருந்து, யோசிக்காமல், நாள்தோறும் சொல்லிப் பழகிய வேகத்தில், குரல் வந்துவிட்டது.

"இதோ வந்துட்டேன்."

சொன்னதோடு அவர் எழுந்தும் நின்றுவிட்டார்.